நெட் இருக்கு, அந்தத் தளம் மட்டும் திறக்கலை: சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

ஈப்போவுக்கு வடக்கே, கோலகங்சார் போகும் வழியில் இருக்கும் சுங்கை சிப்புட் இன்னமும் தோட்டத்து ஊர்தான். ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. லயம் என்ற தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில் பிறந்தவர்கள் தாமான் என்ற குடியிருப்புப் பகுதி வீடுகளுக்குக் குடிபோய்விட்டார்கள். இந்த ஊர்க் கைப்பேசிக் கடையில் பலமுறை கேட்கக்கூடிய பேச்சு ஒன்று இப்படிப் போகும்:

“தம்பி, நெட் இருக்கு. வாட்சாப் போகுது, யூடியூப் ஓடுது. படம் பாக்கற அந்த ஒண்ணு மட்டும் திறக்க மாட்டேங்குது. லைன்காரன் என்னமோ பண்ணிட்டான்.”

“லைன் நல்லாத்தான் இருக்குக்கா. உங்க மோடம் விலாசம் கேக்குற எடத்துல வேற விலாசத்தக் குடுத்து அனுப்புறாங்க.”

“அப்புறம் எதுக்கு மாசாமாசம் நூத்தி இருபத்தொம்பது வெள்ளி கட்டறேன்?”

தம்பி சொன்னதுதான் தொழில்நுட்பம். அக்கா கேட்டதுதான் வாடிக்கையாளரின் கோபம். இவை இரண்டும் சந்திக்காமல் போவதற்குக் காரணம், தடை தன்னைத் தடை என்று சொல்லிக்கொள்வதில்லை என்பதே. 2011-இல் பத்துக் கோப்புப் பகிர்வுத் தளங்கள் மூடப்பட்டபோதும், 2024-இல் டிஎன்எஸ் (தளத்தின் பெயருக்கு எண் முகவரியைத் தேடித் தரும் அமைப்பு) திசைதிருப்பல் வந்தபோதும் என்ன நடந்தது, தோட்டத்து ஊரில் அது எப்படித் தெரிந்தது, கடையிலும் வீட்டிலும் எதை எந்த வரிசையில் சோதிக்க வேண்டும் என்பதே இந்த ஆய்வு.

2011: பத்துத் தளங்கள்

2011 மே கடைசியில் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் இணையச் சேவை நிறுவனங்களுக்குக் கடிதம் அனுப்பியது. 1998 தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 263-ஆம் பிரிவின் கீழ்ப் பத்துத் தளங்களைத் தடுக்கச் சொன்னது அந்தக் கடிதம். தி பைரேட் பே, மெகாஅப்லோட், மெகாவீடியோ, ஃபைல்சர்வ், டெபாசிட்ஃபைல்ஸ், ஃபைல்ஸ்டியூப், புட்லாக்கர், டக்லோட், மூவி2கே, வாரெஸ்-பிபி என்பவை அந்தப் பத்து. 1987 பதிப்புரிமைச் சட்டத்தின் 41-ஆம் பிரிவை மீறுவதாகக் காரணம் சொல்லப்பட்டது.

263-ஆம் பிரிவு வேறெதையும்விட இங்கே முக்கியம். தன் இணைப்பு குற்றத்துக்குப் பயன்படாமல் பார்த்துக்கொள்வது உரிமம் பெற்ற நிறுவனத்தின் கடமை என்றும், அதிகாரிகள் எழுத்தில் கேட்டால் உதவ வேண்டும் என்றும் அது சொல்கிறது. நீதிமன்றத்துக்குப் போக வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் அதே சட்டத்தின் 3(3) பிரிவு, இந்தச் சட்டத்தில் உள்ள எதையும் இணையத் தணிக்கைக்கு அனுமதியாகக் கொள்ளக் கூடாது என்கிறது. 2011-இல் தடையை எதிர்த்து வாதாடியவர்கள் கையில் எடுத்தது இந்தப் பிரிவைத்தான். கடையில் நிற்கும் அக்காவுக்கு இரண்டு பிரிவும் தெரியாது. தெரிந்தாலும் படம் திறக்கப்போவதில்லை.

எதிர்ப்பு உடனே வந்தது. அனானிமஸ் என்ற பெயரில் இயங்கும் இணைய ஊடுருவிகள் ‘ஆப்பரேஷன் மலேசியா’ என்று அறிவித்து ஜூன் 15 இரவில் அரசாங்கத் தளங்களைத் தாக்கினார்கள். 51 தளங்கள் குறிவைக்கப்பட்டன, அவற்றில் 41 பாதிப்படைந்தன என்று ஆணையமே சொன்னது. செய்தி உலகம் முழுக்கப் போனது. ஒரு கோப்பைக்கூட அது திருப்பிக் கொண்டுவரவில்லை.

தோட்டப்புறத்தில் அன்று நிலைமை வேறு. நொடிக்கு 1 மெகாபிட் இணைப்பில் 700 மெகாபைட் படம் ஒன்றை இறக்கக் கணக்குப்படி 93 நிமிடம். 384 கிலோபிட் இணைப்பென்றால் நான்கு மணி நேரம். செம்புக் கம்பி பரிமாற்ற நிலையத்திலிருந்து நாலைந்து கிலோமீட்டர் தாண்டிவிட்டால் அந்த வேகமும் நிலைக்காது. ஆகவே ஊரில் பலர் தளங்களுக்கு நேரே போகவே இல்லை. பட்டணத்தில் நல்ல இணைப்பு வைத்திருந்த ஒருவர் இரவெல்லாம் இறக்குவார், பென்டிரைவில் ஏற்றுவார், அது கை மாறும். மிச்சத்துக்குப் பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் வட்டுகள் இருந்தன. தடை அடித்தது அந்த ஒருவரை. அவரும் ஒரே நாளில் வழி கண்டுபிடித்தார். மெகாஅப்லோட் அதன்பின் 2012 ஜனவரியில் மொத்தமாகவே மூடப்பட்டது. அது அமெரிக்க நீதித்துறையின் வேலை. மலேசியத் தடைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

தடை உட்காரும் இடம்

உலாவியில் ஒரு தளத்தின் பெயரைத் தட்டியதும் கருவி முதலில் டிஎன்எஸ் வழங்கியிடம் (சர்வர்) அந்தப் பெயருக்கான எண் முகவரியைக் கேட்கும். இந்தக் கேள்வி 53-ஆம் துறை (போர்ட்) வழியாக, மூடாத கடிதம்போலப் போகும். மலேசியாவில் பெரும்பாலான தடைகள் இந்த இடத்தில்தான் உட்கார்ந்திருக்கின்றன. தடைப்பட்டியலில் உள்ள பெயரைக் கேட்டால் நிறுவனத்தின் வழங்கி உண்மை முகவரியைத் தராமல் 175.139.142.25 என்ற எண்ணைத் தரும். அந்த முகவரியில் இருப்பது, நாட்டின் சட்டத்தை மீறுவதால் இத்தளத்தை மலேசியாவில் பார்க்க முடியாது என்று மலாயிலும் ஆங்கிலத்திலும் சொல்லும் அறிவிப்புப் பக்கம்.

2011-இல் தளங்களில் பெரும்பாலானவை பூட்டுப் போடாத பழைய எச்டிடிபி. அதனால் வாடிக்கையாளர் கண்ணில் அந்த அறிவிப்பு பட்டது. திட்டினாலும் யாரைத் திட்டுவது என்று தெரிந்தது. இன்று ஏறக்குறைய எல்லாத் தளமும் எச்டிடிபிஎஸ். உலாவி பூட்டையும் சாவியையும் ஒப்பிட்டுப் பார்க்கிறது. 175.139.142.25-இடம் அந்தத் தளத்தின் சான்றிதழ் கிடையாது. எனவே அறிவிப்புப் பக்கம் திறப்பதற்கு முன்பே ‘உங்கள் இணைப்பு பாதுகாப்பானதல்ல’ என்று சிவப்பு எச்சரிக்கை வந்து நிற்கிறது. பூட்டில்லாமல் திறக்கவே கூடாது என்று உலாவிக்குச் சொல்லும் எச்எஸ்டிஎஸ் விதியைத் தளம் வைத்திருந்தால் ‘பரவாயில்லை, தொடர்’ என்ற பொத்தானும் இராது. தொலைக்காட்சியோடு இணைக்கும் இணையப் பெட்டியின் செயலி என்றால் அந்த எச்சரிக்கைகூட இல்லை. வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

தடை ஊமையாகிப் போனது இப்படித்தான். மனுஷன் முதலில் சந்தேகப்படுவது கம்பியை. செம்புக் கம்பித் திருட்டைப் பலமுறை பார்த்த ஊரில் இந்தச் சந்தேகம் இயல்பானது. மோடத்தை அணைத்துப் போடுவார், நிறுவனத்தை அழைப்பார். அங்கே எடுப்பவர் இணைப்பின் ஒளியளவைப் பார்த்து ‘எல்லாம் சரியாக இருக்கிறது’ என்பார். அதுவும் உண்மைதான். வேலையாள் வீட்டுக்கு வந்து போவார். ஒரு நாள் போகும், தளம் திறக்காது.

சோதனை வரிசை

கீழே உள்ளதை மடிக்கணினி ஒன்று இருந்தால் பத்து நிமிடத்தில் முடிக்கலாம். வரிசை முக்கியம், நடுவிலிருந்து ஆரம்பித்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

முதலில் வேறு மூன்று தளங்கள் திறக்கின்றனவா என்று பாருங்கள். திறக்கவில்லை என்றால் இது தடை இல்லை, இணைப்புக் கோளாறு. இந்த ஆய்வை மூடிவிட்டு நிறுவனத்தை அழைக்கலாம்.

அடுத்து, கட்டளைச் சாளரத்தில் என்எஸ்லுக்கப் (nslookup) கட்டளையை அடித்து, இடம் விட்டுத் தளத்தின் பெயரைக் கொடுங்கள். வரும் பதிலைப் படிப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 175.139.142.25 என்று வந்தால் தடை. அப்படி ஒரு பெயரே இல்லை என்று வந்தால் அந்தத் தளப்பெயரே இப்போது இல்லை. திருட்டுப் படத் தளங்கள் மாதத்துக்கு ஒரு பெயர் மாற்றுவதால் புகார்களில் நல்ல பங்கு இந்த வகை. ‘சர்வர் ஃபெயில்’ என்று வந்தால் மூன்று காரணம் இருக்கலாம். வழங்கி திணறுகிறது, தளத்தின் சொந்த வழங்கிகள் பழுது, அல்லது டிஎன்எஸ்செக் என்ற முத்திரையைச் சரிபார்க்கும் உங்கள் மோடம் போலிப் பதிலை ஏற்காமல் தள்ளிவிட்டது. உண்மை முகவரியே வந்தும் தளம் திறக்கவில்லை என்றால் அந்தத் தளமே படுத்துவிட்டது, இல்லையேல் தடை வேறு அடுக்கில் இருக்கிறது.

மூன்றாவதாக அதே கட்டளையின் கடைசியில் 1.1.1.1 என்று, அதாவது கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் பொது வழங்கியின் எண்ணைச் சேர்த்துக் கேளுங்கள். நிறுவனத்தின் வழங்கி தடை முகவரியைத் தந்து, 1.1.1.1 உண்மை முகவரியைத் தந்தால் இது சாதாரண டிஎன்எஸ் தடை. இரண்டுமே 175.139.142.25 என்றால் நடுவில் யாரோ கடிதத்தைப் பிரித்துப் படித்துப் பதில் எழுதுகிறார்கள்.

அதை உறுதிசெய்ய அழகான ஒரு வழி உண்டு. கடைசியில் 192.0.2.1 என்று கொடுங்கள். அது நூல்களில் உதாரணம் காட்டுவதற்கென்றே ஒதுக்கப்பட்ட முகவரி; உலகில் எந்தக் கணினியும் அங்கே இல்லை. நேர்மையான இணைப்பில் சில நொடி காத்திருந்து ‘நேரம் கடந்தது’ என்று வர வேண்டும். பதில் வந்தால், ஆளில்லாத வீட்டுக் கதவைத் தட்டியபோது உள்ளேயிருந்து ‘யாரு?’ என்று குரல் வந்த மாதிரி.

2024: எல்லாக் கடிதமும் ஒரே தபால்காரரிடம்

பல ஆண்டுகள் தடை என்றால் நிறுவனத்தின் சொந்த வழங்கியில் மட்டும் இருந்தது. மோடத்தில் நிறுவனத்தின் எண்ணான 202.188.0.133-ஐ அழித்து 8.8.8.8 என்று எழுதினால் தீர்ந்தது கதை. 2009 டிசம்பரில் கூகுளின் பொது வழங்கி வந்ததிலிருந்து இந்த நான்கு எட்டு, தோட்டப்புறக் கடைகளில்கூட மனப்பாடம். 2018 ஏப்ரல் 1 அன்று கிளவுட்ஃபிளேர் 1.1.1.1-ஐத் திறந்தது.

2024-இல் ஆணையம் இந்த ஓட்டையை அடைக்கப் பார்த்தது. வெளி வழங்கிகளுக்குப் போகும் டிஎன்எஸ் கேள்விகளையும் நிறுவனத்தின் வழங்கிக்கே திருப்பிவிட வேண்டும் என்பது உத்தரவு. மேக்சிஸ், டைம் போன்ற நிறுவனங்கள் இதில் இறங்கின. வணிக வாடிக்கையாளர்களுக்குச் செப்டம்பர் 30 கெடு. 2018 முதல் 2024 ஆகஸ்டு 1 வரை 24,277 தளங்கள் தடுக்கப்பட்டதாக ஆணையம் விளக்கம் தந்தது. அதில் 39 விழுக்காடு சூதாட்டம், 31 விழுக்காடு ஆபாசம், 14 விழுக்காடு பதிப்புரிமை மீறல். கோப்புப் பகிர்வும் திருட்டுப் படமும் ஏறத்தாழ 3,400 தளங்கள்தான் என்று ஆகிறது. பொதுப்பேச்சில் ‘படத் தடை’ என்று சொல்லப்பட்டது உண்மையில் சூதாட்டத் தடையின் ஒரு கிளை.

இந்த முறை எதிர்த்தவர்களின் முகம் மாறியிருந்தது. 2011-இல் குரல் கொடுத்தவர்கள் இறக்கிப் பார்ப்பவர்கள். 2024-இல் பேசியவர்கள் வலையமைப்புப் பொறியாளர்கள், நிறுவனங்களின் கணினிப் பிரிவினர், செய்தித் தளங்களைப் படிப்பவர்கள். 2008-இல் மலேசியா டுடே, 2015-இல் சரவாக் ரிப்போர்ட், 2016-இல் மீடியம் ஆகிய தளங்கள் தடுக்கப்பட்டது அவர்கள் நினைவில் இருந்தது. படத்துக்குப் போடும் பூட்டும் செய்திக்குப் போடும் பூட்டும் ஒரே கொல்லன் செய்தவை என்பது அவர்கள் வாதம். செப்டம்பர் 8 அன்று தொடர்புத்துறை அமைச்சர் ஃபாமி ஃபட்சில் இதை மேற்கொண்டு செய்ய வேண்டாம் என்று ஆணையத்திடம் சொல்லிவிட்டார்.

தொழில்நுட்பமாகவும் அது மோசமான வேலை. ஓர் எடுத்துக்காட்டு போதும். பிள்ளைகள் ஆபாசத் தளங்களுக்குப் போகாமலிருக்க 1.1.1.3 என்ற குடும்ப வடிகட்டி வழங்கியை மோடத்தில் போட்டு வைத்திருக்கும் பெற்றோர் உண்டு. கேள்விகள் எல்லாம் நிறுவனத்தின் வழங்கிக்குத் திருப்பப்பட்டால் அந்த வடிகட்டி சத்தமில்லாமல் செத்துவிடும். நாட்டின் பட்டியலில் இல்லாத ஆபாசத் தளம் பிள்ளையின் கைப்பேசியில் திறக்கும். மோடத்தில் 1.1.1.3 அப்படியே எழுதப்பட்டிருக்கும். வேலை செய்வதாக அப்பா நம்பிக்கொண்டிருப்பார்.

வாடிக்கையாளர் செய்வதும் அதில் கெடுவதும்

எண் மாற்றுவதுதான் முதல் எதிர்வினை. 192.168.0.1 அல்லது 192.168.1.1 என்ற மோடத்தின் அமைப்புப் பக்கத்துக்குப் போய் டிஎன்எஸ் இடத்தில் வேறு எண் எழுதுவார்கள். நாலு இடத்தில் இது சறுக்கும்.

முதல் எண்ணை 8.8.8.8 ஆக்கிவிட்டு இரண்டாவதில் நிறுவனத்தின் எண்ணை விட்டுவிடுவது பெரிய தப்பு. இரண்டாவது எண் ஆபத்துக்கு மட்டும் என்று நினைக்கிறார்கள். பல கருவிகள் இரண்டையும் மாறி மாறிக் கேட்கும். ‘காலையில திறந்துச்சு, சாயந்தரம் திறக்கல’ என்ற புகார் வந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

அடுத்தது ஐபிவி6 என்ற புதிய வகை இணைய முகவரி. ஃபைபர் இணைப்பில் மோடம் இரண்டு வகை முகவரியையும் கொடுக்கும். பழைய வகைக்கு மட்டும் எண் மாற்றினால் கைப்பேசி புதிய வகை வழியாக நிறுவனத்தின் வழங்கியையே கேட்கும். 2606:4700:4700::1111 அல்லது 2001:4860:4860::8888 என்று அந்தப் பக்கத்திலும் எழுத வேண்டும். வீட்டில் பாதிக் கருவிகளில் திறந்து பாதியில் திறக்கவில்லை என்றால் பெரும்பாலும் இதுதான்.

மூன்றாவது, மாற்றிய எண் தானாகவே பழையபடி ஆவது. நிறுவனம் தந்த மோடத்தைத் தூரத்திலிருந்தே நிர்வகிக்க டிஆர்-069 என்ற வழி உண்டு. அவர்கள் மென்பொருளைப் புதுப்பிக்கும் இரவில் உங்கள் எண்ணும் போகலாம். நான்காவது அற்பமானது, ஆனால் அடிக்கடி நேர்வது: மாற்றிய பிறகு கைப்பேசியின் வைஃபையை அணைத்துப் போடாமல், கணினியில் பழைய பதிலை அழிக்காமல் ‘ஒண்ணும் நடக்கல’ என்பது.

ஆண்ட்ராய்டு 9-இலிருந்து ‘பிரைவேட் டிஎன்எஸ்’ என்ற அமைப்பு இருக்கிறது. இது கடிதத்தை உறையில் போட்டு 853-ஆம் துறை வழியாக அனுப்பும். அங்கே எண்ணை எழுதினால் ஏற்காது; வழங்கியின் பெயரை எழுத வேண்டும். விளம்பரம் வராமலிருக்க என்று யாரோ சொன்ன பெயரை எழுதி வைத்துவிட்டு மறந்தவர்கள் ஏராளம். அந்த வழங்கி ஒரு நாள் நின்றுபோனால், அல்லது தங்கும் விடுதி வைஃபை 853-ஐ அடைத்திருந்தால், நெட் மொத்தமும் போனதுபோல் இருக்கும். சிம்மை மாற்றிப் பார்த்தாலும் தீராது, ஏனென்றால் கோளாறு கைப்பேசிக்குள். சிம் வாங்க வந்தவரிடம் முதலில் இந்த அமைப்பைத் திறந்து பார்ப்பது நல்ல கடைக்கு அடையாளம்.

எல்லாப் போக்குவரத்தையும் வேறொருவரின் வழங்கி வழியாக அனுப்பும் இலவச விபிஎன் செயலிகளைப் பற்றி நல்ல வார்த்தை சொல்ல வழியில்லை. நிறுவனம் உங்கள் கடிதத்தின் உறையைப் பார்க்கிறது என்று கோபப்பட்டு, முகம் தெரியாத ஒருவனிடம் கடிதக் கட்டையே கொடுக்கிற காரியம் அது. வங்கிச் செயலியும் அதே கைப்பேசியில்தான் இருக்கிறது.

தொலைக்காட்சியோடு இணைக்கும் இணையப் பெட்டிகள் தனிக்கதை. பல பெட்டிகளிலும் செயலிகளிலும் 8.8.8.8 உள்ளேயே எழுதப்பட்டிருக்கும். மோடத்தில் என்ன மாற்றினாலும் அவை கேட்காது. கடைக்காரர்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று. 2022 மார்ச் 18 முதல் நடப்பில் உள்ள பதிப்புரிமைத் திருத்தத்தின்படி, திருட்டு ஒளிபரப்புக்கான கருவியையோ செயலியையோ விற்பதும் பொருத்தித் தருவதும் குற்றம். 10,000 முதல் 200,000 வெள்ளி வரை அபராதம், 20 ஆண்டு வரை சிறை. மோடத்தில் டிஎன்எஸ் எண் மாற்றித் தருவது ஒன்று, செயலி ஏற்றிய பெட்டியை விற்பது முற்றிலும் வேறு. இந்த இரண்டையும் ஒரே மேசையில் வைத்துச் செய்யும் கடைக்காரர் வேறுபாட்டைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

சென்னையில் நடந்தது

தமிழ்ப் படத்துக்காக நடந்த தடையைப் பேசாமல் இதை முடிக்க முடியாது. 2012-இல் ஒரு தமிழ்ப் படத் தயாரிப்பு நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்தில் பெயர் தெரியாத எதிரிகளுக்கு எதிராக ஆணை பெற்றது. இந்தியாவில் இதற்கு ‘அசோக் குமார்’ ஆணை என்று பெயர். அதைக் காட்டிச் சில நிறுவனங்கள் பைரேட் பேயோடு விமியோ, டெய்லிமோஷன் ஆகிய தளங்களையும் முழுதாக மூடின. அனானிமஸ் அங்கேயும் வந்தார்கள். ஜூன் மாதத்தில் நீதிமன்றம் தெளிவுபடுத்தியது: குறிப்பிட்ட பக்க முகவரிகளை மட்டும் தடுக்க வேண்டும், தளத்தை அல்ல. டிஎன்எஸ் தடையால் இதைச் செய்யவே முடியாது, காரணம் அதற்குத் தளத்தின் பெயர் மட்டும்தான் தெரியும். பக்கம் எது என்று தெரியாது. அங்கே கேட்கவும் திருத்தவும் ஒரு நீதிமன்றம் இருந்தது. 263-ஆம் பிரிவில் அந்தப் படி இல்லை.

புகார் கொடுப்பதானால்

சட்டப்படி நடக்கும் ஒரு தளம் தவறுதலாகப் பட்டியலில் விழுந்தால் மட்டுமே இது பயன்படும். கோயில் நிருவாகத்தின் தளமோ சிறு கடையின் தளமோ, முன்பு வேறு யாரோ வைத்திருந்த பெயரை விலைக்கு வாங்கியதால் இப்படி மாட்டிக்கொள்ளலாம். நிறுவனத்தை அழைத்து ‘நெட் மெதுவா இருக்கு’ என்றால் வேகச் சோதனை செய்யச் சொல்லி முடித்துவிடுவார்கள். தளத்தின் முழுப்பெயர், சோதித்த நாள், நேரம், என்எஸ்லுக்கப் இரண்டு வழங்கிகளிடமும் தந்த பதில், வேறொரு நிறுவனத்தின் இணைப்பில் கிடைத்த முடிவு ஆகிய ஐந்தையும் எழுத்தில் கொடுத்துப் புகார் எண் வாங்க வேண்டும். பிறகுதான் ஆணையத்தின் 1800-188-030. நிறுவனத்தின் புகார் எண் இல்லாமல் அங்கே போனால் மறுபடியும் நிறுவனத்துக்கே அனுப்புவார்கள்.

கடைக்காரர்களுக்கு ஒரு வேலை உண்டு. எண்ணை மாற்றும் முன் பழைய எண்களை ஒரு துண்டுத் தாளில் எழுதி மோடத்தின் அடியில் ஒட்டிவிடுங்கள். மாற்றிய தேதியையும் அதில் போடுங்கள். அடுத்த முறை அந்த வீட்டில் நெட் போகும்போது வருவது வேறு ஆளாக இருக்கலாம்.